இணையத்தில் ஒரு கடையடைப்பு நடந்தது, தெரியுமா?

2023 ஜூன் 12. கோடிக்கணக்கானோர் அரட்டைக்கும் ஆலோசனைக்கும் கூடும் ரெட்டிட் தளத்தில், ஆயிரக்கணக்கான குழுக்கள் அடுத்தடுத்துக் கதவைச் சாத்தின! மொத்தம் 8,000-க்கும் மேல்! 4 கோடி உறுப்பினர்கள் கொண்ட நகைச்சுவைக் குழுவும் அதில் அடக்கம். இத்தனை பூட்டுகளைத் தாங்க முடியாமல் தளமே அன்று சிறிது நேரம் முடங்கிவிட்டது. பூட்டியவர்கள் யார் தெரியுமா? ஒரு காசுகூடச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்!

மாடரேட்டர்கள் என்று பெயர். வசவு, மோசடி, ஆபாசம் எல்லாவற்றையும் அன்றாடம் அகற்றி, குழுவை மனிதர்கள் பேசக்கூடிய இடமாக வைத்திருப்பவர்கள். நார்த்வெஸ்டர்ன், மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ரெட்டிட் மாடரேட்டர்கள் எல்லோரும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைக்கிறார்கள்! கூலி கொடுத்திருந்தால் ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர்!

அப்படிப்பட்டவர்கள் ஏன் பொங்கினார்கள்? ரெட்டிட்டின் தரவை வெளிச் செயலிகள் எடுத்துக் காட்டுவதற்கு ‘ஏபிஐ’ என்ற வழி இருந்தது. பல ஆண்டுகளாக இலவசம். அதற்கு நிர்வாகம் விலை வைத்தது. ‘அப்பல்லோ’ செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டார். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் கட்ட வேண்டும்! மாடரேட்டர்கள் பலர் கைபேசியில் வேலை பார்த்ததே இப்படிப்பட்ட செயலிகளில்தான்.

இன்னொன்று தெரியுமா? பார்வையற்றோருக்கென்று அங்கே ஒரு குழு உண்டு. அதன் மாடரேட்டர்களிலும் பார்வையற்றவர்கள் இருந்தார்கள். ரெட்டிட்டின் சொந்தச் செயலி திரைவாசிப்பு மென்பொருளோடு சரியாக ஒத்துப்போகவில்லை. வெளிச் செயலி போய்விட்டால், தங்கள் குழுவைத் தாங்களே கவனிக்க முடியாது! எனக்கு இந்த ஒரு காரணமே போதும், அவர்கள் பக்கம் நிற்க. குரல்கள் உயர்ந்த பிறகுதான், வணிக நோக்கமில்லாத சில செயலிகளுக்கு நிர்வாகம் விலக்கு அளித்தது.

கட்டண விஷயத்தில் மட்டும் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் இறங்கி வரவில்லை. மாடரேட்டர்களைப் பழைய நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டுப் பேட்டி கொடுத்தார். கூலியே வாங்காதவர்களைப் பார்த்து! திறக்காத குழுக்களுக்கு வேறு ஆளைப் போடுவோம் என்ற எச்சரிக்கையும் வந்தது. அப்போது படங்களைப் பகிரும் குழு ஒன்று செய்த காரியம் அபாரம்! திறக்கத்தானே சொன்னீர்கள், திறக்கிறோம் என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, இனி தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் படங்களை மட்டுமே போடலாம் என்று விதி வைத்தது. கேள்விப்பட்ட ஆலிவர், தன் விசித்திரமான படங்களைத் தானே ட்விட்டரில் அள்ளி வழங்கினார்!

ஆனாலும் ஜூன் 30-ல் அப்பல்லோ மூடப்பட்டது. சில குழுக்களின் மாடரேட்டர்கள் நீக்கப்பட்டார்கள். 2024 செப்டம்பரில், பொதுக் குழுவைப் பூட்ட இனி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதியே மாறிவிட்டது.

இது முதல் கதவடைப்பும் இல்லை! 2015 ஜூலையில், பிரபலங்களைப் பயனர்களோடு உரையாட வைத்த விக்டோரியா டெய்லர் என்ற ஊழியரை நிறுவனம் திடீரென்று நீக்கியது. முன்னறிவிப்பே இல்லாமல் தவித்துப்போன மாடரேட்டர்கள், நூற்றுக்கணக்கான குழுக்களைப் பூட்டினார்கள். இடைக்காலத் தலைமை அதிகாரி எலன் பாவ் மன்னிப்புக் கேட்டார். ஜூலை 10-ல் பதவி விலகினார். அந்த நாற்காலிக்கு வந்தவர் யார் தெரியுமா? இதே ஸ்டீவ் ஹஃப்மன்!

அதற்கும் முன்னால், 1999-ல், ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கவனித்த தன்னார்வலர்கள், நாங்கள் செய்தது ஊழியர் வேலை, கூலி கொடு என்று அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்த வழக்கு 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது!

எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைப்பது 2002-ல் நடந்தது. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரலாம் என்று ஒரு பேச்சு எழுந்ததுமே, ஸ்பானிய மொழித் தன்னார்வலர்கள் பலர் கட்டுரைகளின் நகலோடு வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் சர்வரில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள்! அதே ஆண்டில் விக்கிப்பீடியா ‘.காம்’ முகவரியை விட்டு ‘.ஆர்க்’ முகவரிக்கு மாறியது. வணிக விளம்பரம் இன்றுவரை அதில் வரவில்லை.