பெட்டி வடிவத்தின் நியாயம்

மாருதி வேகன்-ஆர் காரைத் ‘தகரப் பெட்டி’ என்று கேலி செய்வோர் உண்டு. அந்தப் பெட்டி வடிவமே அதன் சிறப்பு என்பேன்.

ஜப்பானில் ‘கெய்’ எனப்படும் சிறு கார்களின் நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், இயந்திரக் கொள்ளளவு 660 சிசியையும் தாண்டக் கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை தாராளம். நீள, அகலங்கள் இதைவிடவும் குறுக்கப்பட்டிருந்த 1993-இல் சுசுகி மேல்நோக்கி இடம் தேடியதன் விளைவே வேகன்-ஆர். கூரை உயர்ந்தால் இருக்கையையும் உயர்த்தலாம். நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமர்வோருக்குக் கால் நீட்ட அதிக இடம் வேண்டாம். நீளம் கூட்டாமலே பின்னிருக்கை விசாலமாகிறது. மூட்டு வலியுள்ள முதியோருக்கு இதன் அருமை தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998-இல் வந்த சான்ட்ரோவும் இதே உயர வடிவம்தான்.

உயரமான முகப்பு காற்றின் தடையைக் கூட்டும் என்பது உண்மை. நகர வேகத்தில் அது பொருட்டல்ல. நெடுஞ்சாலையில் எரிபொருள் செலவில் தெரியும்.

என் மனக்குறை வேறு. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன்-ஆர் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே நட்சத்திரம் பெற்றது. உடற்கூடு உறுதியற்றது என்றும் மதிப்பிடப்பட்டது. பெட்டி வடிவத்தைக் காரணம் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. கூட்டின் வலிமை எஃகின் தரத்தையும் கட்டமைப்பையும் பொறுத்தது. கடன் வாங்கி முதல் கார் வாங்கும் குடும்பமே இதில் பயணிக்கிறது. சில ஆயிரம் ரூபாய் விலை கூடினாலும் அந்த வலுவைத் தயாரிப்பாளர் தந்தாக வேண்டும்.