துள்ளும் நாய்க்கு ஒரு களம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் அதிகாலையில் நடந்தால் இரண்டு வகை மனிதர்கள் எதிர்ப்படுவார்கள். முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவர்கள் ஒரு பக்கம். லாப்ரடார், பீகிள், ஹஸ்கி, பெல்ஜியன் மாலினாய் என்று ஏதோ ஒன்று முன்னே இழுக்க, லீஷைப் பிடித்தபடி பின்னே ஓடுபவர்கள் மறுபக்கம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே மவுசு கூடும் நாய் இனம் சீக்கிரமே அத்திப்பள்ளியைத் தாண்டி இங்கே வந்துவிடுகிறது.

நாய் வந்துவிடுகிறது, அதற்கேற்ற வேலை வருவதில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட், போக்குவரத்து, தூக்கம் எல்லாம் போக மிச்சமிருப்பது கொஞ்ச நேரம். பகலெல்லாம் மொட்டை மாடியில் சங்கிலியில் கிடந்த நாய், மாலையில் அவிழ்த்துவிட்டதும் ஆள் மேல் பாய்கிறது, பைக்கைத் துரத்துகிறது, கண்டதற்கெல்லாம் குரைக்கிறது. ‘அடங்காத நாய்’ என்று பெயர் வாங்கிவிடுகிறது. அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடுமாடு மேய்க்கவும் வேட்டைக்கும் காவலுக்கும் பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட உடம்பு அது. ஓடத்தான் செய்யும்.

அந்த ஓட்டத்துக்கு வழி திறந்துவிடும் ஒரு விளையாட்டு உண்டு: அஜிலிட்டி. 1978-இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பார்வையாளர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமென்று கண்காட்சிக் குழு உறுப்பினர் ஜான் வார்லி நினைத்தார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் போல நாய்களை ஓடவிடலாம் என்று யோசனை பிறந்தது. பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் அதற்கு உருவம் கொடுத்தார். இடைவேளையை நிரப்ப வந்த ஆட்டம் கூட்டத்தைக் கட்டிப்போட்டது. 1980-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையாக ஏற்றது. 1996-இலிருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது.

குதிரையிலிருந்து பிறந்த விளையாட்டு என்பதால் ஓசூருக்கு இதில் ஒரு உரிமை உண்டு என்றே சொல்வேன். பக்கத்து மத்திகிரியில் இன்று அரசு கால்நடைப் பண்ணையாக இருப்பது, 1824-இல் பிரிட்டிஷார் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். விலங்கைப் பழக்குவது இந்த ஊர் இருநூறு ஆண்டாகப் பார்த்துவரும் வேலை.

அஜிலிட்டிக் களத்தில் இருக்கும் தடைகள் இவை: தாண்டும் கம்பு, டன்னல், டயர், கூரை போல் சாய்ந்த ஏ-ஃப்ரேம், ஒடுக்கமான உயர நடைபாலம், சீசா, வரிசையாக நட்ட 12 கம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடும் வீவ். சர்வதேச விதிப்படி ஓர் ஓட்டத்தில் அதிகபட்சம் 22 தடைகள். வரிசையை நடுவர் ஒவ்வொரு முறையும் மாற்றுவார். நாயை வழிநடத்தும் ஹேண்ட்லர் மட்டும் முன்கூட்டியே களத்தில் நடந்து பாதையை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாய் அதை முதன்முதலாகப் பார்ப்பது ஓடும்போதுதான். அப்போது லீஷ் கிடையாது, கையில் ட்ரீட் கிடையாது, நாயைத் தொடவும் கூடாது. கம்பைத் தட்டிவிட்டால் 5 பிழைப் புள்ளி. தடையின் முன் தயங்கி விலகினால் மேலும் 5. மூன்று முறை விலகினாலோ, வரிசை மாறித் தாண்டினாலோ ஆட்டத்திலிருந்து நீக்கம்.

துறுதுறு நாய் தோற்பது பெரும்பாலும் வேகக் குறைவால் அல்ல. சீசாவின் மறுமுனை தரையைத் தொடும்வரை அதன் மேல் இருக்க வேண்டும். அது பாதியிலேயே குதித்துவிடும். ஏ-ஃப்ரேமில் இறங்கும்போது வேறு நிறம் பூசிய அடிப்பகுதியில் பாதம் பட வேண்டும். அதைத் தாவிக் கடந்துவிடும். வீவில் கடைசி இரண்டு கம்புக்கு முன்பே வெளியேறிவிடும். ‘ஸ்டே’ சொல்லி ஹேண்ட்லர் திரும்புவதற்குள் முதல் தடையைத் தாண்டியிருக்கும். தெரியாமல் செய்வதில்லை. வீட்டு முற்றத்தில் இதையெல்லாம் அழகாகச் செய்த நாய்தான்.

இதற்கு அறிவியல் ஒரு விளக்கம் தருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலி ப்ரே, இவான் மெக்லீன், பிரையன் ஹேர் மூவரும் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒளி ஊடுருவும் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் தின்பண்டத்தோடு இருப்பார். நேராகப் பாய்ந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். சுற்றிப் போனால் கிடைக்கும். அவர் சில முறை அமைதியான குரலில் கூப்பிட்டார், சில முறை கையை ஆட்டி உற்சாகமாகக் கூப்பிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்பட்ட நிதானமான நாய்கள், உற்சாகக் குரலில் இன்னும் நன்றாகச் செய்தன. இயல்பிலேயே துள்ளலான வீட்டு நாய்களோ, அதே குரலில் தடுமாறின. கொஞ்சம் கிளர்ச்சி புத்தியைக் கூர்மையாக்கும், அளவு மீறினால் மழுங்கடிக்கும். ஏற்கெனவே ததும்பி நிற்கும் நாயிடம் நாம் கத்திக் கைதட்டுவது, எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

ஆகவே இப்படிப்பட்ட நாய்க்குப் பயிற்சி தடைகளில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாயை விரித்து அதில் படுத்து மூச்சு தணியும்வரை இருக்கப் பழக்குவதுதான் முதல் பாடம். மற்ற நாய்கள் ஓடும் களத்திலிருந்து வெகுதூரத்தில் உட்காரவைத்து, அது அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ட்ரீட் தர வேண்டும். குரைக்காமல் இருக்க முடிகிற தூரம் எதுவோ அதுதான் அன்றைய எல்லை. மறுநாள் நாலடி நெருங்கலாம். போட்டி நாளில் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காத்திருப்பதோ பல மணி நேரம். அந்தக் காத்திருப்பைப் பழக்காமல் தாண்டலை மட்டும் பழக்கிப் பயனில்லை. வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவது எல்லையோர இயல்பு. நாய்க்கான கட்டளைகள் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாக இருக்கட்டும். அடி உதவவே உதவாது. அடிபட்ட நாய் களத்தில் நம்மை விட்டு விலகித்தான் ஓடும்.

உலக அரங்கில் பெரிய நாய்களின் பிரிவில் பார்டர் கோலிதான் கொடிகட்டிப் பறக்கிறது. அதற்காக அதை வாங்க ஓட வேண்டாம். 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த ராஜபாளையமும், நம் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கே பிறந்தவை. கண்ணால் கண்டு நேர்கோட்டில் பாயும் நாய்கள் என்பதால் குறுகிய திருப்பங்களுக்குக் கூடுதல் பொறுமை தேவைப்படும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கும் டன்னலும் வீவும் பிடிக்கும். அமெரிக்கன் கென்னல் கிளப் 2010-இலேயே கலப்பின நாய்களைப் போட்டிக்குச் சேர்த்துக்கொண்டது.

எலும்பு முதிராத குட்டியை உயரத் தாண்ட வைக்காதீர்கள். சர்வதேசப் போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாய்க்கு அனுமதியே இல்லை. கால்நடை மருத்துவரிடம் இடுப்பையும் மூட்டையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், காலை நேரம் இதமானது. மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் கருங்கல் பாறைகள் காலையிலேயே சூடேறும். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணிக்கும் என்பதால் வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துவிட வேண்டும்.

ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. பூங்காக்கள் இருக்கின்றன, நாயை அவிழ்த்துவிட வேலியிட்ட ஒரு திடல் வேண்டும். நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு. ஒரு ஏக்கர் நிலம், ஆளுயர வேலி, தண்ணீர்த் தொட்டி, நாலைந்து தடைகள் போதும். மாநகராட்சி இடம் ஒதுக்கினால், இங்குள்ள பெருந்தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மிச்சத்தைச் செய்துவிடலாம். நாய் வளர்ப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு கொடுங்கள்.