ஸ்டெப்னி: சுமையா, துணையா?

நாலு சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் எதற்கு? பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடும் எவருக்கும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். ஒரு டயரின் விலை சம்பளக்காரருக்குச் சின்னத் தொகை அல்ல. அதை வாங்கி வண்டியின் பின்னால் மாட்டி, வெயிலிலும் மழையிலும் சும்மா ஊர்வலம் விடுவதா என்று வீட்டிலே கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஜீப் சக்கரம் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பின்கதவில் தொங்கும் சக்கரம் குண்டு குழிகளில் குலுங்கிக் குலுங்கிக் கீல்களைத் தளர்த்திவிடும். போதாததற்கு, 2020 ஜூலையில் மத்திய அரசே மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரோடு சேர்த்து 9 பேருக்கு மிகாமல் ஏறும், மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிகளில் டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அந்தத் திருத்தம் கூறுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் ஓடும் காருக்கு இது சரிதான். தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை இருக்கிற ஊர்கள் அவை.

‘ஸ்டெப்னி’ என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. ஆரம்ப கால மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. டயர் வெடித்தால் சாலையோரம் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டில் லனெலி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் இதற்கு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வட்டு ஒன்றில் காற்றடைத்த டயரை மாட்டி, அதைப் பழுதான சக்கரத்தின் மேலேயே இறுக்கிவிடும் ஏற்பாடு அது. அந்தச் சரக்கு மறைந்து எத்தனையோ காலமாயிற்று. தெருவின் பெயர் மட்டும் இந்திய மெக்கானிக்குகள் வாயில் நிலைத்துவிட்டது!

அந்தமானுக்கு வருவோம். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே திக்லிப்பூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடு 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. மழையோ மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். தார் அரித்த இடத்தில் கூர்மையான ஜல்லி தலை நீட்டும். சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்கோ காட்டு வேலைக்கோ போகும் ஜீப்புக்குச் சேற்றுக்குள் மறைந்திருக்கும் வேர்களும் கற்களுமே எதிரி.

இங்கேதான் பஞ்சர் ஒட்டும் சாமான்களின் பெருமை குலைகிறது. ஆணி ஏறுவது டயரின் அடிப்பாகத்தில். அதைத் திரி செருகி அடைத்துவிடலாம். ஆனால் கல் கிழிப்பது பெரும்பாலும் பக்கவாட்டில். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும் பகுதி அது. செருகிய திரி அங்கே நிற்காது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து டியூப் போட்டு ஓட்டும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அதுவும் அடுத்த கடை வரைக்கும்தான்.

ஜிர்காடாங்கில் நிற்க முடியுமா?

ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்புக் காடு. வண்டிகள் குறித்த நேரத்தில், போலீஸ் துணையோடு வரிசையாகத்தான் போக வேண்டும். வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இது வெறும் கெடுபிடி அல்ல. வெளியார் கொண்டுவரும் நோய்களைத் தாங்கும் சக்தி அந்தச் சிறு கூட்டத்துக்குக் குறைவு. 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. இந்தப் பகுதியில் சாலையையே மூடும்படி 2002-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆனாலும் போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் காட்டுக்குள் ஒரு டயர் கிழிந்தால்? ஸ்டெப்னி இருப்பவர் கால் மணி, அரை மணியில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். இல்லாதவர் நிற்பார், அவருக்காகக் காவலர் நிற்பார், வண்டியில் ரங்கத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் நோயாளி இருந்தால் அவரும் காத்துக் கிடப்பார். கைபேசி எல்லா இடத்திலும் பேசாது. டயர் விலையை இந்த அரை நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான கணக்கு.

எல்லாத் தீவுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. நீல் தீவில் (இப்போது ஷஹீத் தீவு) ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சில கிலோமீட்டர்தான். வண்டி நின்றால் நடந்தே வீடு சேரலாம். அங்கே ஓடும் ஜீப்புக்காரர் ஐந்தாவது சக்கரத்தைக் கொட்டகையில் போட்டு வைத்தால் குற்றமில்லை. ஆனால் வைத்திருக்கவாவது வேண்டும். அளவுக்கேற்ற டயர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். கப்பல் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரவே மூன்று நாளாகும். இலங்கையிலிருந்து திரும்பிய நம்மவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய கச்சால் போன்ற தீவுக்கு அதற்கப்புறம் இன்னொரு கப்பல்.

பெயருக்கு ஒரு சக்கரத்தைத் தொங்கவிடுவதிலும் பயனில்லை. தேய்ந்து கழித்த டயரை ஸ்டெப்னியாக மாட்டும் வழக்கம் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஆகவே ஆகாது. முன்னும் பின்னும் பூட்டி ஓட்டும்போது ஒரு சக்கரத்தின் சுற்றளவு மாறினாலும் பல்சக்கரப் பெட்டி முறுக்கேறிக் கெடும். டயர் மாற்றச் செய்த மிச்சம் கியர் செலவில் போய்விடும். ஆகவே அதே அளவு, ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ளதாக இருக்க வேண்டும். இதற்கு எளிய வழி, ஐந்து சக்கரங்களையும் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது. ஐந்தும் ஒன்றுபோலத் தேயும். பின்னால் தொங்குவதும் வெயிலில் வெடித்து வீணாகாது.

பழைய டயர் வாங்குபவர்கள் அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்றைத் தேடிப் பார்க்கட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பூ தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பத்து வருஷத்து ரப்பரை நம்ப முடியாது.

காற்றை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சமயத்துக்கு எடுத்தால் ஸ்டெப்னியே காற்றில்லாமல் இளிக்கும் வேடிக்கை எங்கும் நடப்பது. கடல் காற்றில் சக்கர நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். மழைக்கு முன்னால் ஒருமுறை கழற்றித் துடைத்து, மாட்டிப் பார்ப்பது நல்லது. ஜாக்கியோடு ஒரு சாண் அகலத்துக்குக் கனமான பலகைத் துண்டும் வண்டியில் கிடக்கட்டும். ஈர மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் வண்டி மேலே எழும்பாது, ஜாக்கிதான் கீழே போகும்.