தபாலுறையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்

ஈழத்து அகதிக் குடும்பங்கள் இலண்டனில் எப்படிக் காலூன்றின என்று யாராவது கேட்டால், நான் கடிதங்களில் இருந்துதான் தொடங்குவேன்.

1983 யூலைக்குப் பின் வருவோர் தொகை பெருக, 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. 1987இல் புகலிடம் கோரியோரை, பெரும்பாலும் தமிழர்களை, ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலில் தடுத்து வைத்தார்கள். ஒக்டோபர் புயலில் அது கட்டறுந்து தரைதட்டியது. இந்தக் கெடுபிடிக் காலத்தில்தான், 1986இல், நியூஹாமில் தமிழர் நலன்புரிச் சங்கம் உருவாயிற்று. குடிவரவு ஆலோசனை, வீட்டு விண்ணப்பம், மொழிபெயர்ப்பு என்று அதன் பணிகள் விரிந்தன. உறவினர் வீட்டு முன்னறையில் படுக்க இடமும், சீட்டுக்காசும் எப்படியோ கிடைத்துவிடும். சட்டம் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அரிது.

நான் சில காலம் வேறொரு சிறு சங்கத்தில் கடிதம் வாசித்துக் கொடுத்தேன். ஒருநாள் ஓர் அம்மா ஷொப்பிங் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். வீட்டில் பத்து வயது மகன்தான் வாசித்துச் சொல்பவன். ஒன்றை மட்டும் அவன் தாயிடம் சொல்லாமல் அடியில் வைத்திருந்தான். அது நிராகரிப்புக் கடிதம். மேன்முறையீட்டுக் கெடு கடந்து ஐந்து நாள்.

சட்டத்தரணி தாமதத்துக்குக் காரணம் எழுதி மனுவை ஏற்கச் செய்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இன்று அந்தக் கெடு, முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்கள். பிந்தி வந்த கடிதத்துக்கு உறையிலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி. அதனால் உறையை எறியவேண்டாம் என்போம். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம் என்றும் சொல்வோம். (இரண்டாவதை யார் கேட்டார்கள்?) அந்தப் பையன் அதன் பிறகும் மூன்று வருடம் தாயோடு வைத்தியசாலைக்குப் போய்வந்தான்.