ராணிக்கு சுகர்

"நாய்க்கெல்லாமா சுகர் வரும்?" என்று என் அத்தை சிரித்தார். எனக்கும் அப்போது தெரியாதுதான். எங்கள் வீட்டு ராணி ஒன்பது வயது பொமரேனியன், பத்து கிலோ இருந்தாள். நன்றாகத்தான் சாப்பிட்டாள், ஆனால் இளைத்துக்கொண்டே போனாள். குண்டான் தண்ணீரைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தாள். அடித்தோம். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா எப்போ பருவத்துக்கு வந்துச்சு?" என்றுதான். இரண்டு மாதம் ஆகியிருந்தது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்தபிறகும் வாரக்கணக்கில் புரோஜெஸ்டிரான் உயர்ந்தே இருக்கும். அது வளர்ச்சி ஹார்மோனையும் கூட்டிவிடும். இரண்டும் சேர்ந்து இன்சுலினை வேலை செய்ய விடாதாம்.

சிறுநீரில் நனைத்த பட்டை நிறம் மாறியது. ரத்தத்தில் சர்க்கரை 412. நாய்க்கு ஏறத்தாழ 200-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தாகத்துக்குக் காரணம் அதுதான். பூனை என்றால் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்திலேயே அதற்குச் சர்க்கரை ஏறிவிடும்! அதனால் கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் செய்வார்கள்.

நாய்க்கு மாத்திரை உதவாது, இன்சுலின்தான். (1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இந்த மருந்தை முதலில் சோதித்ததே நாய்களிடம்தான்.) சாப்பாட்டோடு, 12 மணிக்கு ஒரு தரம், 5 யூனிட். மூன்று வாரத்தில் ராணி தேறினாள். பிறகு திடீரென்று பழைய தாகம்!

நண்பர்களே, தப்பு மருந்தில் இல்லை, சிரிஞ்சில். எங்கள் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்ச். கடையில் இல்லையென்று ஆரஞ்சு மூடி கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்றார்கள். அது 100-க்கானது. அதில் 5 என்ற கோடு 0.05 மில்லி. ராணிக்குப் போனது 2 யூனிட்தான்! மீச்சிற்றளவு பார்க்காமல் ரீடிங் எடுக்காதே என்று லேபில் திட்டு வாங்கியவன் நான். வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

இதுவே தலைகீழாக, 100 இன்சுலினைச் சிவப்பு மூடியில் எடுத்திருந்தால் 12.5 யூனிட் போயிருக்கும். தள்ளாட்டம், வலிப்பு, உயிரே போயிருக்கலாம். அப்படித் தள்ளாடினால் உடனே ஈறில் குளுக்கோஸோ தேனோ தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிறகு கருத்தடை ஆபரேஷனும் செய்தோம்; அளவு 3 யூனிட்டாகக் குறைந்தது. கண்ணில் மட்டும் புரை விழுந்துவிட்டது. ஆனாலும் காலை ஏழு மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்டால் சுவரை உரசிக்கொண்டே வந்து நின்றுவிடுகிறாள்.