உங்களுக்குத் தெரியுமா? வாச்சாத்தி கேட்ட நியாயம்

1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பெண் ரிகோபெர்தா மென்ச்சூ. தாய், தந்தை, தம்பி மூவரையும் ராணுவக் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். பழிக்குப் பழி கேட்காமல், 1999-இல் ஸ்பெயின் நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார்.

அதே 1992, ஜூன் 20. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் ஊர் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

வாச்சாத்தி மக்களுக்கு அரிவாள் தூக்க எல்லாக் காரணமும் இருந்தது. மென்ச்சூவைப் போலவே அவர்களும் பழிவாங்கப் புறப்படவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் துணைநிற்க, அந்தப் பெண்கள் சாட்சிக்கூண்டு ஏறினார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஈடாக எதைச் சொல்வது!

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே இறந்துவிட்டார்கள். மற்ற 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. 19 ஆண்டுக் காத்திருப்பு! சரியாக 12 ஆண்டு கழித்து, 2023-இல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.