வேலூரில் ஓடிய இன்னொரு நதி

ஓர் ஊர் ஆரோக்கியமா இருக்கா இல்லையா என்று சொல்லும் அந்த எண் எங்கே பிறக்கிறது தெரியுமா? கலெக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலா? இல்லவே இல்லை! வாங்க, பின்வாசல் வழியா ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்.

முதல் ஆச்சரியம், ஒரு தபால் கார்டு! 1980-களில் வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவர் குழுவும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து டாக்டர்களின் கையில் அச்சடித்த கார்டுகளைக் கொடுத்தார்கள். அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதமே இல்லை. போலியோவா, தட்டம்மையா? எழுதித் தபாலில் போட்டால் போதும். ஒரே பகுதியிலிருந்து கார்டுகள் குவிந்தால் சுகாதாரத் துறைக்கு உடனே தகவல் பறக்கும். மாதா மாதம் அந்தக் கணக்கு சிறு இதழாகி டாக்டர்களுக்கே திரும்பி வரும்! திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’. பாலாறு வெறும் மணலாகக் கிடந்த நாளிலும் இந்த நதி ஓடியது! சுமார் 50 லட்சம் பேரைக் கவனித்த இந்த ஏற்பாட்டுக்கு, ஆண்டுக்கு ஆளுக்கு ஓர் அமெரிக்க சென்ட்கூட ஆகவில்லை. 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழே இதை உலகத்துக்குச் சொன்னது.

அடுத்து, வேலூரை ஒட்டிய கணியம்பாடி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஒன்றியம். கல்யாணம், கர்ப்பம், பிரசவம், சாவு என ஊரில் நடப்பதையெல்லாம் உள்ளூர்ப் பெண் பணியாளர் ஒருவர் குறித்துவைப்பார். அவர் சொன்னதை மேற்பார்வையாளர் சரிபார்ப்பார். அதற்கு மேல் நர்ஸ், அதற்கும் மேல் டாக்டர். நாலு கண் பார்க்காமல் ஓர் எண்கூட ஏட்டில் ஏறாது!

இப்போது உச்சக்கட்டம். 2017-இல் வேலூர், டெல்லி, கொல்கத்தா நகரங்களிலும் புனே அருகே கிராமங்களிலும் சுமார் 24,000 பிள்ளைகளை ஆய்வாளர்கள் வாராவாரம் விசாரிக்கத் தொடங்கினார்கள். “பிள்ளைக்குக் காய்ச்சல் ஏதாவது உண்டாம்மா?” காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை. நாலு இடத்துக்கும் ஒரே அளவுகோல்! லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு எத்தனை டைபாய்டு என்று பார்த்தால், புனே கிராமங்களில் 35. வேலூர் உள்ளிட்ட நகரங்களிலோ 576 முதல் 1,173 வரை! கதவைத் தட்டிக் கேட்காமல் இருந்திருந்தால், இதில் பல ‘சாதாரணக் காய்ச்சல்’ என்றே போயிருக்கும்.

இதுதான் பின்வாசல் ரகசியம். எண்ணாத ஊர் எப்போதும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்!

மாவட்ட எல்லைக்கோடும் அப்படித்தான் கண்ணைக் கட்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2017-ஆம் ஆண்டின் எல்லைகளை வைத்தே எடுக்கப்பட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணும், ராணிப்பேட்டை தோல் ஷாப்புத் தொழிலாளியும், ஏலகிரி மலைவாசியும், காட்பாடி ஆபீஸ்காரரும் ‘வேலூர்’ என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிப்போனார்கள். சராசரியில் யார் வலியும் தனியாகத் தெரியாது.

ஆகவே, நோட்டும் கையுமாகச் சுகாதாரப் பணியாளர் உங்கள் வாசலுக்கு வந்தால், “அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணி கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் தெருவின் எண் அங்கேதான் பிறக்கிறது.